சிகை நீங்கியும் சீலம் நீங்காதவர்

திருமண் காப்புத் தரித்தலும் சிகை வைத்தலும் வைஷ்ணவ அந்தணர் குலத்தில் வழிவழியாக வந்த ஆசாரங்கள். இல்லத்திலும் சந்நிதியிலும் அவற்றைக் காப்பது எளிது. உத்தியோகத்தின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் அந்நிய தேசம் சென்றவிடத்துக் காப்பது அரிது. அவ்வரிய சோதனைக்கு உள்ளானவர்களுள் ஒருவர் கணித மேதை ஸ்ரீநிவாச ராமாநுஜன்.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த ராமாநுஜன், கும்பகோணத்தில் ஸ்ரீ சார்ங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தார். தந்தையார் ஜவுளிக் கடையில் கணக்கர். அன்னை கோமளத்தம்மாள் பக்தியிற் சிறந்தவர். நாமக்கல் ஸ்ரீ நாமகிரித் தாயாரே அக்குடும்பத்தின் குலதெய்வம். தமக்குத் தோன்றிய கணித உண்மைகள் யாவும் தாயாரின் அநுக்கிரகம் என்றே அவர் நம்பினார்.

1912-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். சிகையும் தலைப்பாகையும் நெற்றிக்குறியும் அக்காலத்துச் சென்னை அலுவலகங்களில் எவரும் வியவாத காட்சி. ஆதலின் அவற்றைக் களைய வேண்டிய நிலை அங்கே அவருக்கு எழவில்லை.

1913-இல் அவர் எழுதிய கடிதத்தைக் கண்ட பேராசிரியர் ஹார்டி, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். கடல் கடத்தல் ஆசாரத்திற்கு விரோதம் என்று ராமாநுஜன் தயங்கினார், அன்னையும் இசையவில்லை. பின்னர் நாமகிரித் தாயார் கனவிற் தோன்றி, மகனைத் தடுக்கலாகாது என்று அன்னைக்கு அருளியதாகக் கூறுவர். அதன் பின்னரே அநுமதி கிடைத்தது.

பயணத்திற்குச் சில நாட்கள் முன்னர் அன்னையையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்திற்கு ரயிலேற்றி அனுப்பினார். அவர்கள் சென்ற பின்னரே குடுமி களையப்பட்டது. தலைப்பாகை இருந்த இடத்தில் தொப்பி ஏறியது. பெற்றவள் காணப் பொறாத கோலம் அது. 1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பல் புறப்பட்டது.

புறச்சின்னம் நீங்கினும் அகநியமம் நீங்கவில்லை. ட்ரினிடி கல்லூரியின் பொது உணவைத் தீண்டாது, தம் அறையிலே தாமே சமைத்து உண்டார். உலகப் போர் மூண்டு காய்கறிகள் அரிதான நாட்களிலும், கடுங்குளிரிலும், நோயுற்ற காலத்திலும் மரக்கறி உணவு விரதத்தைக் கைவிட்டாரில்லை. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், அவ்வாண்டிலேயே ட்ரினிடி கல்லூரியின் முதல் இந்திய ஃபெலோவாகவும் தேர்வு பெற்றார்.

1919-இல் நலிந்த உடலோடு தாயகம் திரும்பினார். சமுத்திர யாத்திரைக்குப் பிராயச்சித்தமாக இராமேசுவரம் செல்ல நோய் இடந்தரவில்லை. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், தம் 32-ஆம் பிராயத்தில், சென்னைச் சேத்துப்பட்டில் பரமபதித்தார். பிராயச்சித்தம் நிறைவேறாமையின் உறவினர் பலர் இறுதிச் சடங்கிற்கு வந்திலர். கடல் கடந்த குற்றம் அவர்கள் கண்ணிற் பட்டது. ஐந்தாண்டு காத்த நியமம் படவில்லை.

சின்னம் தரித்தல் சிறப்பே; அதனைக் காக்கும் பேறு பெற்றோர் பாக்கியவான்களே. எனினும் தொழிலிடத்து அதனை இழக்க நேர்ந்தவரை இகழ்வது வைஷ்ணவ லட்சணம் அன்று. உள்ளத்தை அறிபவன் எம்பெருமான் ஒருவனே. கும்பகோணத்தில் ஆராவமுதனைச் சேவிக்கும் அன்பர்கள், அச்சந்நிதித் தெருவில் நினைவில்லமாக விளங்கும் அவ்வீட்டையும் கண்டு, அம்மேதையின் சீலத்தைச் சிந்தித்துச் செல்வார்களாக.