குழந்தை குறட்டைக்கும் தாடைக்கும் என்ன தொடர்பு? யார் இந்த பியர் ராபின்?

வேளாங்கண்ணியோ பாரிஸோ, குழந்தை குறட்டை விட்டா அசந்து தூங்குதுன்னுதான் நினைப்போம். அதை மூச்சுத் திணறலாகப் பார்த்தவர் பாரிஸ் பல் மருத்துவர் பியர் ராபின்.

1867-ல் பிறந்த இவர், பல் வரிசையோடு நிற்கவில்லை. பின்தங்கிய கீழ்த்தாடையை முன்னே கொண்டுவர, 1902-ல் மோனோபிளாக் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். தாடை சிறுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கும் என்று 1923-ல் விளக்கினார். சிறுதாடையோடு பிறக்கும் குழந்தைகளின் அந்தப் பிரச்சினைக்கு இன்றும் இவர் பெயர்தான்.

இன்று பல் சீரமைப்பு நிபுணர் குறுகிய மேல் அண்ணத்தை விரிக்கிறார், கீழ்த்தாடையை முன்னே நகர்த்துகிறார். ஆனா கிளிப் மட்டுமே தீர்வு இல்லை. டான்சில், அடினாய்டு வீக்கம் இருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் பார்க்கணும். தூக்கப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

குழந்தை தினமும் குறட்டை விட்டு, வாயைத் திறந்தே தூங்குதா? வேளாங்கண்ணிக்காரங்க நாகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தள்ளிப்போடாம கூட்டிட்டுப் போங்க.