சளியில் உண்மையைக் கண்ட டாக்டர்

தோட்டத்திலே ஒருத்தர் இருமி இரத்தம் துப்பினால் போதும், காசநோய் என்று லயமே ஒதுங்கிப்போகும். ஆனால் இரத்தம் துப்புகிறவர் எல்லோருமே காசநோயாளி அல்ல. இதை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் டாக்டர் பேட்ரிக் மேன்சன்.

1844-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1866-ல் ஃபார்மோசா தீவுக்கு, அதாவது இன்றைய தைவானுக்கு, வேலைக்கு வந்தார். 1871-ல் சீனாவின் அமோய் துறைமுகத்துக்கு மாறினார். யானைக்கால் வியாதிப் புழு கொசுவின் உடம்பில் வளர்வதை அங்கே 1877-ல் கண்டுபிடித்தார். அதற்கு இரத்தம் கொடுத்தவர், அந்தப் புழு உடம்பில் இருந்த அவருடைய தோட்டக்காரர். பேர் டாக்டருக்கு, இரத்தம் தொழிலாளிக்கு. இதையும் நாம் மறக்கக்கூடாது.

1879-ல் ரிங்கர் என்ற டாக்டர் ஃபார்மோசாவில் இறந்த ஒருவரின் நுரையீரலில் தட்டைப்புழு ஒன்றைக் கண்டார். மறு வருடம், அந்தத் தீவில் வாழ்ந்திருந்த சீன அதிகாரி ஒருவர் தோல் வியாதிக்காக மேன்சனிடம் வந்தார். பேச்சின் நடுவே இருமி, துருநிறச் சளியைத் துப்பினார். வேறு யாராவது என்றால் முகம் சுளித்திருப்பார்கள். மேன்சனோ அதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உள்ளே புழு முட்டைகள்! முட்டைகளைத் தண்ணீரில் வைத்தார். குஞ்சுகள் வெளிவந்து நீந்தின. இது நத்தை போன்ற நீர்ப்பிராணியில் வளர வேண்டும் என்று ஊகித்தார். நன்னீர் நண்டைப் பச்சையாகத் தின்பதால் மனிதனுக்கு வருகிறது என்பதைப் பின்னர் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் தெளிவாக்கினார்கள். புலி, பூனை, நாய்க்கும் இந்தப் புழு உண்டு.

மலேரியாவைக் கொசு பரப்பும் என்று ரோனால்டு ராஸுக்கு வழிகாட்டியவரும் மேன்சன்தான். அந்த அறிவை வைத்து டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் நம் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்து மலேரியாவைக் குறைத்தார். மேன்சன் 1922-ல் லண்டனில் காலமானார்.

அன்பர்களே, கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் ஓடை நண்டு பிடிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: அரைகுறையாகச் சுட்டுத் தின்னாதே, நன்றாக வேகவை. காட்டுப்பன்றி இறைச்சிக்கும் அதே சட்டம்தான்.

இருமல் நீடித்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கிளினிக்குக்குப் போய்ச் சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நண்டு தின்றிருந்தால் அதையும் சொல்லுங்கள். புழுவென்றால் இரண்டு மூன்று நாள் மாத்திரையில் போகும். காசநோயென்றாலும் மருந்தை விடாமல் சாப்பிட்டால் குணமாகும். பரிசோதிக்காமல் மனிதரை ஒதுக்குவதுதான் தீராத வியாதி.