கட்டிய வீட்டைத் துறந்த காரைக்கால் அம்மையார்!

காரைக்கால் வணிகர் தனதத்தனுக்குப் புனிதவதி ஒரே பெண். நாகப்பட்டினத்து வணிகர் மகன் பரமதத்தனுக்குக் கட்டிக் கொடுத்தார். மகளை வெளியூர் அனுப்ப மனசு வரவில்லை. காரைக்காலிலேயே தனி வீடு கட்டி, பொன்னும் பொருளும் கொடுத்துக் குடிவைத்தார்.

வந்தது மாம்பழம்! கணவர் கடையிலிருந்து அனுப்பிய இரண்டில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் போட்டுவிட்டார் புனிதவதி. சாப்பிட வந்த கணவர், ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றும் கேட்டார். இறைவன் அருளால் பழம் கிடைத்தது. விஷயம் தெரிந்த பரமதத்தன் மிரண்டுபோனார். மனைவியைத் தெய்வமென நினைத்தவர், வியாபாரத்துக்கென்று கப்பல் ஏறினார். திரும்பவே இல்லை.

பாண்டிய நாட்டில் அவருக்கு வேறு கல்யாணம் ஆயிற்று. பிறந்த பெண்ணுக்கு வைத்த பெயரும் புனிதவதி!

சேதி தெரிந்து, உறவினர் புனிதவதியைப் பல்லக்கில் அழைத்துப் போனார்கள். கணவரோ குடும்பத்தோடு காலில் விழுந்தார். அவருக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு? இறைவனிடம் பேய் வடிவம் கேட்டு வாங்கினார் அம்மையார்.

காரைக்கால் வீட்டுக்கு அவர் திரும்பவில்லை. கயிலைக்குத் தலையால் நடந்தார் என்கிறது பெரியபுராணம். கடைசியில் சேர்ந்த இடம், அரக்கோணம் அருகே திருவாலங்காடு. சிவன் ஆடும் சுடுகாடே வீடு! அவர் பாடியவை 143 பாட்டுகள்.

ஆண்டுதோறும் ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. சாமி ஊர்வலத்தில் மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுகிறார்கள். கூட்டம் அள்ளிக்கொண்டு போகிறது!