தீயின் நடுவே பிறந்த சட்டங்கள்



முதியவருக்கு ஓய்வூதியம், வேலையிழந்தவருக்கு உதவிப் பணம், தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்பன இன்று அமெரிக்க நாட்டில் இயல்பான காரியங்கள். செல்வம் கொழிக்கும் நாடு தன் ஏழைகளுக்குத் தானாகவே மனமிரங்கிக் கொடுத்தவை இவை என்று நீங்கள் எண்ணக்கூடும். உண்மை அதுவல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நெடிய போராட்டம் ஒன்று உண்டு. அப்போராட்டத்தில் முன்னின்றவர்களுள் ஒருவரான பிரான்செஸ் பேர்க்கின்ஸ் அம்மையாரின் வாழ்க்கையை இங்கு சிறிது நோக்குவோம்.

1880ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பொஸ்டன் நகரில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஏழ்மைக்குக் காரணம் குடியும் சோம்பலுமே என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். மவுன்ட் ஹோலியோக் கல்லூரியில் பயின்ற காலத்தில், அயலிலுள்ள ஆலைகளைச் சென்று பார்க்கும்படி பேராசிரியை ஒருவர் மாணவியரை அனுப்பினார். அங்கே அவர் கண்டது வேறு. ஒழுக்கமும் உழைப்பும் நிறைந்த தொழிலாளி ஒருவன் இயந்திரத்திற் கையை இழந்தால், அன்றோடு அவன் குடும்பம் முழுவதும் தெருவுக்கு வந்துவிடும். அவனுக்கு நட்டஈடு கொடுப்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை.

அக்கால அமெரிக்காவை நீங்கள் மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். 1880க்கும் 1920க்கும் இடையில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் கப்பலேறி அந்நாட்டுக்கு வந்தனர். இத்தாலி, போலந்து, ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து வந்த அவர்களுட் பெருந்தொகையினர் கத்தோலிக்கரும் யூதருமாவர். மொழி தெரியாத அம்மக்கள் கிடைத்த கூலிக்கு உழைத்தனர். சிறுவரும் ஆலைக்குச் சென்றனர். இந்நிலையைக் கண்டு மனம் பொறாத பலர் சீர்திருத்த இயக்கங்களைத் தொடங்கினர். சிக்காகோ நகரில் 1889இல் ஜேன் அடம்ஸ் அம்மையார் நிறுவிய ஹல் இல்லம் அவற்றுள் ஒன்று. ஆசிரியையாகப் பணியாற்றிய பிரான்செஸ், ஓய்வு நேரங்களில் அவ்வில்லத்துக்குச் சென்று உழைத்தார். பின்னர் நியூயோர்க் நகருக்கு வந்து, தொழிலாளர் நலனுக்காகப் பாடுபட்ட சங்கம் ஒன்றின் செயலாளரானார்.

1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், சனிக்கிழமை. நகரின் வாஷிங்டன் சதுக்கத்தருகே தோழி ஒருவரின் வீட்டில் அவர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டிகளின் ஓசை கேட்டு வெளியே ஓடினார். அருகே பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று மாடிகளில் இயங்கிய ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலை எரிந்துகொண்டிருந்தது. திருட்டைத் தடுக்கவென்று ஒன்பதாம் மாடியின் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்பேணி பாரந் தாங்காமல் முறிந்தது. தீயணைப்போரின் ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. நெருப்புக்கு அஞ்சிய இளம் பெண்கள் யன்னல்கள் வழியே குதித்து மாண்டதை அவர் தம் கண்களாற் கண்டார். இறந்தோர் 146 பேர். அவர்களுட் பெரும்பாலானோர் யூத, இத்தாலியக் குடும்பங்களின் பெண்பிள்ளைகள். உரிமையாளர் இருவரும் வழக்கில் விடுதலையாயினர்.

ஊர் முழுவதும் அழுதது. ஆனால், வாசகர்களே, ஊரின் கண்ணீர் எத்தனை நாளைக்கு? இறந்தோரை அடக்கியபின் அவரவர் தத்தம் வேலையைப் பார்க்கச் செல்வதே உலக வழக்கம். பிரான்செஸ் அவ்வாறு செல்லவில்லை. தொழிற்சாலைகளை ஆராய மாநில அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதனை நடத்தியவர்கள் றொபேட் வாக்னர், அல் ஸ்மித் என்னும் இரு அரசியல்வாதிகள். ஸ்மித், நியூயோர்க்கின் ஏழைகள் மத்தியில் வளர்ந்த கத்தோலிக்கர். அறையிலிருந்து அறிக்கை வாசித்தாற் போதாது என்று கருதிய பிரான்செஸ், அக்குழுவினரை ஆலைகளுக்கே அழைத்துச் சென்றார். தீ வந்தால் வெளியேறும் வழி என்று காட்டப்பட்ட சிறு துவாரத்தினூடாக வாக்னரைத் தவழச் செய்தார். அதிகாலையிலேயே வேலைக்கு வந்துநின்ற சிறுவர்களை அவர்களுக்குக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட புதிய சட்டங்கள் அம்மாநிலத்தில் நிறைவேறின.

இதற்கிடையில் அவர் ஒரு கசப்பான பாடத்தையும் கற்றார். பெண்களின் வேலையை வாரத்துக்கு 54 மணித்தியாலமாகக் குறைக்கும் சட்டம் 1912இல் வந்தபோது, உணவு பதனிடும் ஆலைப் பெண்களை அதிலிருந்து நீக்கினாலன்றி அது நிறைவேறாது என்ற நிலை எழுந்தது. முழுவதையும் கேட்டு எல்லாவற்றையும் இழப்பதா? கிடைப்பதைப் பெற்றுக்கொண்டு மீதிக்காக மீண்டும் போராடுவதா? அவர் இரண்டாவதைத் தெரிந்தார்.

சொந்த வாழ்விலும் சிலுவை இருந்தது. 1913இல் அவர் மணந்த போல் வில்சன் சில ஆண்டுகளில் மனநோய்க்கு ஆளானார். கணவரையும் ஒரே மகளையும் காக்கும் பொறுப்பு அவர் தோள்மீது வந்தது.

1929இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. 1933 அளவில் தொழிலாளரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலையில்லை. அவ்வாண்டு ஜனாதிபதியான பிராங்ளின் ரூஸ்வெல்ட், பிரான்செஸைத் தொழில் அமைச்சராகும்படி அழைத்தார். அமெரிக்க வரலாற்றில் எந்தப் பெண்ணும் அதுவரை அமைச்சரவையில் இருந்ததில்லை. அவரோ பதவியை உடனே ஏற்கவில்லை. முதியோர் ஓய்வூதியம், வேலையில்லாதோர் காப்புறுதி, குறைந்தபட்சச் சம்பளம், சிறுவர் உழைப்பை ஒழித்தல், நோயாளருக்கான காப்புறுதி என்பன அடங்கிய பட்டியலை முன்வைத்து, இவற்றுக்கு இசைந்தால் மட்டுமே வருவதாகத் தெரிவித்தார். ஜனாதிபதி இசைந்தார்.

அவர் தலைமை தாங்கிய குழு வகுத்த திட்டமே, 1935 ஆகஸ்ட் 14ஆம் நாள் சமூகப் பாதுகாப்புச் சட்டமாயிற்று. 1938இல் வந்த சட்டம் மணித்தியாலத்துக்கு 25 சதம் என்று குறைந்தபட்சச் சம்பளத்தை வகுத்து, ஆலைகளில் சிறுவர் உழைப்புக்கும் தடை விதித்தது. ஆயினும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோட்டத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் சேர்க்கப்படவில்லை. கறுப்பின மக்களிற் பெரும்பகுதியினர் செய்த வேலைகள் இவையே. பதினைந்து ஆண்டுகளின் பின், 1950இலும் 1954இலும் வந்த திருத்தங்களே அவர்களுட் பலருக்குக் கதவைத் திறந்தன. அதற்குள் முதுமையடைந்து வறுமையில் இறந்தோர் எத்தனை பேர்! பாதியைப் பெற்று மீதிக்குக் காத்திருப்பவர்கள், அந்தக் காத்திருப்பின் விலையைப் பிறரே கொடுக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. பட்டியலில் இருந்த நோயாளர் காப்புறுதி அவர் காலத்தில் நிறைவேறவேயில்லை.

எதிரிகள் பலர் இருந்தனர். 1939இல் அவரைப் பதவியிலிருந்து நீக்குவதற்கான தீர்மானம் காங்கிரஸில் கொண்டுவரப்பட்டு, ஆதாரமின்றி வீழ்ந்தது. அங்கிலிக்க மரபைச் சேர்ந்த திருச்சபையின் பக்தியுள்ள உறுப்பினரான அவர், மேரிலாந்து மாநிலத்திலுள்ள கன்னியர் மடமொன்றுக்கு அடிக்கடி சென்று மௌனத் தியானத்தில் ஈடுபடுவார். அமைச்சரின் அலுவல்களுக்கிடையே முழந்தாளிடவும் அவருக்கு நேரமிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அமைச்சராயிருந்தபின் 1945இல் விலகிய அவர், இறுதிக்காலத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1965 மே 14ஆம் நாள் நியூயோர்க்கில் இறைவனடி சேர்ந்தார். தலைநகரில் உள்ள தொழில் திணைக்களக் கட்டடம் 1980 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வாசகர்களே, அன்று அந்தத் தெருவில் நின்று எரியும் கட்டடத்தைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். எல்லோரும் மனமிரங்கினர். அவருள் ஒருத்தி, கண்டதை மறவாமல் இருபத்து நான்கு ஆண்டுகள் உழைத்து, அந்த இரக்கத்தை ஒரு நாட்டின் சட்டமாக்கினாள். அடுத்த வீட்டில் ஒரு துயரம் நேரும்போது நாமும் ஓடிச்சென்று அழுகிறோம், அது நல்லதே. அழுதுவிட்டு வீடு திரும்பியபின், அத்துயரம் இன்னொரு வீட்டுக்கு வராதிருக்க என்ன செய்தோம் என்று நம்மை நாமே கேட்டுப் பார்ப்போமாக.