குண்டர்ட் பெருமகனாரும் யூதர் செப்பேடும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை ஒரு கலைகொண்டு மட்டும் முற்ற அறிதல் அரிது. மொழிநூல், எழுத்தியல், சரித்திரம், வாணிக முறை ஆகிய பலவும் ஒருங்கு கூடியே அதனை விளக்கும். இவ்வுண்மையைச் செயலிற் காட்டியவருள் ஒருவர் டாக்டர் ஹெர்மன் குண்டர்ட் என்பார். அன்னாரது வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1814-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஸ்டுட்கார்ட் நகரிற் பிறந்தார். டூபிங்கன் சர்வகலாசாலையில் வேதசாஸ்திரமும் எபிரேயம் முதலிய பாஷைகளும் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். 1836-ல் சென்னை வந்து, திருநெல்வேலியிலும் சித்தூரிலும் தங்கித் தமிழ் கற்றார். அக்காலத்தில் நமது ஜவ்வாது மலையை உள்ளடக்கிய வடஆர்க்காடு ஜில்லாவுக்குச் சித்தூரே தலைநகராக விளங்கிற்று. 1838-ல் ஜூலி டுபுவா அம்மையாரை மணந்தபின், பாசல் மிஷனைச் சார்ந்து, 1839-ல் தலைச்சேரி சென்று மலையாளத்திலும் வல்லவரானார்.

கொச்சி யூதர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த செப்பேடு ஒன்றுண்டு. கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர வேந்தன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் அளித்த சாஸனம் அது. பகல்விளக்கு, பல்லக்கு, குடை, தோரணம் ஆகிய சிறப்புக்களும், சுங்கம் நீக்கிய சலுகையும் அவற்றுள் அடங்கும். யூதரது உடைமையாயினும் அதில் எபிரேய எழுத்து ஒன்றேனும் இல்லை, வட்டெழுத்தே உளது. ஆகவே எபிரேயம் மட்டும் அறிந்தார்க்கு அது ஊமையேடாகும். எழுத்தை மட்டும் படிக்க வல்லார்க்கோ, அதனைப் பெற்றார் வரலாறு புலனாகாது. தமிழும் மலையாளமும் எபிரேயமும் கற்ற குண்டர்ட், அச்செப்பேட்டையும் சிரியன் கிறிஸ்தவர் செப்பேடுகளையும் ஆராய்ந்து, 1844-ல் சென்னை இலக்கிய சாஸ்திர சஞ்சிகையில் மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். பின்வந்த ஹுல்ட்ஸ் முதலிய அறிஞர் அதனைத் திருத்தியும் விரித்தும் ஆய்ந்தனர். அஞ்சுவண்ணம் என்பது மேலைக் கடல் வணிகர் சங்கமென்னும் கருத்தும் அவ்வாராய்ச்சியின் வளர்ச்சியில் உருப்பெற்றதே.

1859-ல் தாயகம் திரும்பிய இவர், 1872-ல் மலையாள அகராதியை நிறைவேற்றி வெளியிட்டார். 1893 ஏப்ரல் 25-ல் கால்வ் நகரில் காலமானார். புகழ்பெற்ற நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே இவருடைய மகள் வயிற்றுப் பேரராவர்.

1948-க்குப் பின் கொச்சி யூதருட் பெரும்பாலோர் இஸ்ரேல் நாடு சென்றனர். மக்கள் அகன்ற பின்னர், இந்நாட்டில் அவர்தம் வாழ்வுக்குச் சான்று பகர எஞ்சுவன இத்தகைய ஏடுகளும் கட்டிடங்களுமே. அவற்றைப் படிக்கவல்லார் இல்லையேல் சான்றிருந்தும் பயனில்லை. ஜவ்வாது மலையடியிலுள்ள செங்கம் பக்கத்து நடுகற்களிலும் அவ்வட்டெழுத்தே பொறிக்கப்பட்டுள்ளது. அன்பர்களே, அக்கற்களைக் கடந்து செல்லும் நாம், ஒருமுறை நின்று படிக்க முயல்வோமாக.