தோடி மன்னன் போட்ட புலவர் வேஷம்! ஓடாமல் போன 'காளமேகம்'

மயிலாடுதுறை: நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை சினிமாவில் ஹீரோவா நடிச்சவர்னு சொன்னா இன்னிக்குப் பலரும் நம்ப மாட்டாங்க. ஆனா நடிச்சார். 1940-ல் வந்த 'காளமேகம்' படத்தில் அவர்தான் கதாநாயகன். படம் ஊத்திக்கிச்சு!

1898-ல் பிறந்தவர். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். திருவாவடுதுறை ஆதீன வித்வான். அவர் தோடி வாசிக்கிறார்னா ஊரே திரண்டு வரும். விடிய விடிய உட்கார்ந்து கேட்பாங்க.

அந்தக் காலத்தில் நாதஸ்வரக்காரர் சட்டை போடக்கூடாது. துண்டை இடுப்பில் கட்டிக்கிட்டு, நின்னுக்கிட்டேதான் வாசிக்கணும். பாட்டுக்காரருக்கு மேடை, நாதஸ்வரக்காரருக்குத் தெரு. இதை உடைச்சவர் ராஜரத்தினம். கிராப்பு வெட்டினார். கோட்டு போட்டார். மேடையில் உட்கார்ந்து வாசித்தார்.

அப்பேர்ப்பட்டவர் ஏன் சினிமாவுக்குப் போனார்?

அது சங்கீத வித்வான்கள் சினிமாவில் கொடிகட்டிப் பறந்த நேரம். ஜி.என்.பாலசுப்பிரமணியம் 1934-லேயே 'பாமா விஜயம்' படத்தில் நடிச்சிட்டார். 1938-ல் முசிறி சுப்பிரமணிய ஐயர் 'துக்காராம்' ஆனார். எல்லாரும் வாய்ப்பாட்டுக்காரர்கள். மேடையில் சம இடம் கேட்டு வாங்கியவர், வெள்ளித்திரையை மட்டும் விட்டுவிடுவாரா? ராஜரத்தினத்துக்கும் பாடத் தெரியும்.

கிடைத்த வேடம் கவி காளமேகம். ஒரே பாட்டில் இரண்டு அர்த்தம் வைத்து விளையாடிய சிலேடைப் புலவர். படத்தின் டைரக்டர் யார் தெரியுமா? அமெரிக்காக்காரர் எல்லிஸ் ஆர்.டங்கன். தமிழே தெரியாதவர்! தமிழ்ச் சிலேடைப் புலவர் கதையை அவர் எடுத்தார்.

டங்கன் லேசுப்பட்ட ஆளில்லை. எம்.ஜி.ஆர். அறிமுகமான 'சதிலீலாவதி'யை எடுத்தவர். அதே 1940-ல் அவர் எடுத்த 'சகுந்தலை' சக்கைப்போடு போட்டது. அதில் நடித்தவர்கள் ஜி.என்.பி.யும் எம்.எஸ்.சுப்புலட்சுமியும்.

'காளமேகம்' மட்டும் கவிழ்ந்தது. ராஜரத்தினத்துக்கு அப்போது வயசு நாற்பதைத் தாண்டியாச்சு. ஜனங்க அவரைத் தேடி வந்தது நாதஸ்வரத்துக்காக. திரையில் பார்த்ததோ புலவர் வேஷம். ஒட்டவே இல்லை.

தோல்வி அவர் புகழைத் தொடவில்லை. வழக்கம்போல நாதஸ்வரத்தோடு கிளம்பிட்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கைவண்ணத்தில் அவர் கொண்டுவந்த நீளமான பாரி நாதஸ்வரம் ஊரெல்லாம் பரவியது. 1947 ஆகஸ்ட் 14-ல் திருவாவடுதுறை ஆதீனம் சார்பில் நேருவிடம் செங்கோல் கொடுத்தபோது, டில்லியில் ஒலித்தது அவர் வாசிப்புதான்.

1956 டிசம்பர் 12-ல் காலமானார்.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. அதில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்ட நாதஸ்வரம் அவர் சீடர் காருகுறிச்சி அருணாசலத்துடையது. பட்டிதொட்டியெல்லாம் அந்தப் பாட்டு! 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்'. நாதஸ்வர வித்வான் வேடத்தில் சிவாஜி. பின்னால் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்கள். மாபெரும் வெற்றி.

நாதஸ்வரக்காரரைப் புலவராக்கிக் காட்டியபோது ஓடாத சினிமா, நடிகர் திலகத்தின் கையில் நாதஸ்வரத்தைக் கொடுத்ததும் ஓடியது. அதைப் பார்க்க ராஜரத்தினம் உயிரோடு இல்லை.