எட்டயபுரத்துச் சுவீகாரப் பிள்ளை

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர் போனால் எட்டயபுரம். வழியெல்லாம் கரிசல் மண். மழை பெய்தால் காலில் அப்பிக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கம்பும் சோளமும் பருத்தியும் விளைகிற வானம் பார்த்த பூமி. மகாகவி பாரதியார் பிறந்த ஊர் என்று எட்டயபுரத்தை எல்லோரும் அறிவார்கள். அதே ஊரில் வாழ்ந்து, தென்னாட்டுச் சங்கீதத்தை அழிவிலிருந்து காத்த இன்னொரு பெரியவரும் உண்டு. அவர் பெயர் சுப்பராம தீட்சிதர்.

அவர் வாழ்வைச் சொல்ல வேண்டுமானால், அவர் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முன்னே போக வேண்டும். கரிசல் காட்டை விட்டுக் காவிரி பாயும் சோழ நாட்டுக்கும் போக வேண்டும்.

பிள்ளை இல்லாத வீடு

திருவாரூரில் ராமசாமி தீட்சிதர் என்ற சங்கீத மேதை இருந்தார். இன்று கச்சேரிகளில் தொடக்கத்திலேயே கேட்கிற ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர் அவர்தான். புகழ் இருந்தது, வித்தை இருந்தது. ஆனால் வயது நாற்பதை நெருங்கியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை.

பிள்ளை இல்லாத தம்பதியரை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குறை கணவனிடமும் இருக்கலாம், மனைவியிடமும் இருக்கலாம் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அன்று அந்த அறிவு இல்லை. பழி பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் விழும். விசேஷ வீடுகளில் அவள் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும்.

ராமசாமி தீட்சிதர் மனைவியை அழைத்துக்கொண்டு, சீர்காழிக்கு அருகே உள்ள வைத்தீஸ்வரன் கோயிலுக்குச் சென்றார். நோய் தீர்க்கும் தெய்வமாக வைத்தியநாதர் விளங்கும் தலம் அது. அங்கே அம்மன் பாலாம்பிகை. தையல்நாயகி என்றும் சொல்வார்கள். முருகன் முத்துக்குமாரசுவாமி. இருவரும் அங்கேயே தங்கி ஒரு மண்டலம் விரதம் இருந்தார்கள். கனவில் முத்து மாலை கிடைத்ததாக அந்தக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள்.

1775-ல் திருவாரூரில் ஆண் குழந்தை பிறந்தது. முத்துக்குமாரசுவாமியின் பெயரையே வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர். பின்னர் பாலாம்பாள் என்ற மகளும், சின்னசாமி, பாலுசாமி என்ற இரு மகன்களும் பிறந்தார்கள்.

கரிசல் பூமிக்கு வந்த பிடில்

இளையவரான பாலுசாமி தீட்சிதர் சென்னையில் இருந்தபோது வெள்ளைக்காரரின் பிடில் வாத்தியத்தைக் கற்றார். அதை நம் சங்கீதத்துக்கு ஏற்றவாறு பழக்கினார். இன்று பிடில் இல்லாத கச்சேரி அரிது. அதற்கு வழி திறந்தவர்களில் அவர் முதன்மையானவர்.

அவரை எட்டயபுரம் அரசர் தம் சமஸ்தான வித்துவானாக வைத்துக்கொண்டார். தம்பியைப் பார்க்க முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் வந்தார். வரும் வழியில் கரிசல் காடு காய்ந்து கிடப்பதைக் கண்டு அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்று ஒரு கதை உண்டு. மழையை எண்ணி ஏங்கும் பூமியில் அந்தக் கதை இன்றும் உயிரோடு இருக்கிறது. 1835-ம் ஆண்டு தீபாவளித் திருநாளன்று அவர் எட்டயபுரத்திலேயே காலமானார். அவருடைய சமாதியும் அங்கேதான் இருக்கிறது.

அண்ணன் போய்விட்டார். பாலுசாமி தீட்சிதருக்கோ ஆண் வாரிசு இல்லை. நூற்றுக்கணக்கான பாட்டுகள் அவர் நெஞ்சில் இருந்தன. அக்காலத்தில் சங்கீதம் அச்சில் வருவது அபூர்வம். தந்தை மகனுக்குச் சொல்வார். குரு சீடனுக்குச் சொல்வார். கேட்டுக்கொள்ள ஆள் இல்லையென்றால் பாட்டு அத்தோடு போயிற்று. தந்தையின் வீட்டில் ஒரு காலத்தில் இருந்த வெறுமை, மகனின் வீட்டிலும் வேறு உருவில் வந்து நின்றது.

மகள் வயிற்றுப் பேரன்

பாலுசாமி தீட்சிதரின் மகள் அன்னபூரணிக்கும் சிவராம ஐயருக்கும் 1839-ல் ஒரு மகன் பிறந்தான். பாலசுப்பிரமணிய சர்மா என்று பெயர். அந்தப் பேரனை, ஐந்து வயதில், பாலுசாமி தீட்சிதர் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். தாத்தாவே தந்தையானார். பையன் சுப்பராம தீட்சிதர் ஆனான்.

சுவீகாரம் என்பது சடங்கோடு முடிவதல்ல. பெற்ற மகனைப் பிரிந்து கொடுத்தவள் ஒரு தாய். அவள் கொடுத்த பிள்ளையை வளர்த்து ஆளாக்க வேண்டியது பெரியவரின் கடமை. பாலுசாமி தீட்சிதர் அக்கடமையில் குறை வைக்கவில்லை. பாட்டையும் வீணையையும் சாஸ்திரத்தையும் பேரனுக்கு ஊட்டினார்.

பதினேழு வயதில் சுப்பராமர் தர்பார் ராகத்தில் முருகன் மேல் ஒரு வர்ணம் இயற்றி அரசர் முன் பாடினார். எட்டயபுரம் அரசர்கள் கழுகுமலை முருகனிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர்கள், சங்கீதமும் அறிந்தவர்கள். பாட்டைக் கேட்ட அரசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு முதிர்ந்த உருப்படியைச் சின்னப் பையன் செய்திருக்க முடியுமா? பெரியவர் செய்து கொடுத்திருப்பாரோ?

அரசர் ஒரு சோதனை வைத்தார். யமுனா ராகத்தில், தாம் சொல்லும் முறையில், ஒரு ஜதிஸ்வரம் செய்ய வேண்டும். தாத்தாவின் உதவி கிடைக்காதபடி அரண்மனை அதிகாரி ஒருவர் கூடவே இருப்பார். சுப்பராமர் தனியே உட்கார்ந்து அதைச் செய்து முடித்தார். அரசர் மகிழ்ந்து பரிசளித்தார். பத்தொன்பது வயதில் அவரும் சமஸ்தான வித்துவான் ஆனார்.

பூட்டிய பெட்டி திறந்தது

ஆண்டுகள் ஓடின. அக்காலத்து வித்துவான்கள் பலர் அரிய உருப்படிகளை வெளியே விடுவதில்லை. குடும்பச் சொத்தைப் பூட்டி வைப்பது போலப் பாட்டையும் பூட்டி வைத்தார்கள். சாவி தொலைந்தால் சொத்தும் தொலைந்தது!

சென்னையில் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவப் பெரியவர் இருந்தார். அரசாங்க உத்தியோகஸ்தர். நம் சங்கீதத்தை ஐரோப்பிய முறையில் எழுதி அச்சிட முயன்றவர். பழைய பாட்டுகள் மறைந்து போகின்றனவே என்ற கவலை அவரை வாட்டியது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் சுப்பராமரிடம் இருப்பதை அறிந்து அவரைத் தேடிப் பிடித்தார். பாடச் சொல்லி எழுதத் தொடங்கினார். ஆனால் அவருடைய கண்பார்வை மங்கிவிட்டது. வேலை நின்றுவிடக் கூடாதே என்று அவர் எட்டயபுரம் அரசரிடம் முறையிட்டார். அரசர் ஆதரவு தர இசைந்தார்.

அப்போது சுப்பராம தீட்சிதருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அவர் எழுத உட்கார்ந்தார். ஸ்வரத்தை மட்டும் எழுதினால் போதாது. அதை எங்கே அசைக்க வேண்டும், எங்கே வளைக்க வேண்டும் என்பதையும் காட்ட வேண்டும். கமகம் எனப்படும் அந்த நுட்பங்களுக்குத் தனித்தனி அடையாளங்கள் வகுத்தார். எட்டயபுரத்தில் இருந்த வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில், தெலுங்கு எழுத்தில் நூல் உருவாயிற்று.

1904-ல் அது வெளிவந்தது. பெயர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. சுமார் 1,700 பக்கங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229. அதே 1904-ல் வடநாட்டு இசை அறிஞர் பாத்கண்டே தெற்கே யாத்திரை வந்தபோது, எட்டயபுரம் வரை வந்து சுப்பராமரைச் சந்தித்துப் பேசினார்.

அந்த நூலில் எழுபதுக்கும் மேற்பட்ட பெரியோரின் சரித்திரமும் உண்டு. தம் முன்னோரின் கதையையும் அவர் அதில் எழுதினார். மகப்பேறு இன்றி ராமசாமி தீட்சிதர் தவித்ததையும், வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டதையும் மறைக்கவில்லை. வீட்டுக்குள் சொல்லப்பட்டு வந்த துயரமும் நம்பிக்கையும் அவர் கையால் ஏட்டில் ஏறின. ஒரு பிள்ளையின் அருமையை அவரை விட யார் அறிவார்? அவரே ஒரு வீட்டின் வெறுமையைப் போக்க வந்த பிள்ளையல்லவா?

1906-ல் சுப்பராம தீட்சிதர் மறைந்தார். பாரதியார் அவர் நினைவாக ஒரு பாட்டு எழுதினார். சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் பின்னாளில் சென்னைக்குச் சென்று பலருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் 1983 வரை அந்தப் பெருநூலைத் தமிழ் எழுத்தில் ஐந்து பாகங்களாக வெளியிட்டது.

ராமசாமி தீட்சிதர் கோயிலில் கேட்டது ஒரு பிள்ளை. பாலுசாமி தீட்சிதர் மகளிடம் கேட்டதும் ஒரு பிள்ளை. அப்படி வந்த பிள்ளை, குடும்பச் சொத்தைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார். இன்று எந்த ஊரில் எந்தக் குழந்தை முத்துசுவாமி தீட்சிதரின் கிருதியைக் கற்றுக்கொண்டாலும், அந்தக் குழந்தையும் கரிசல் பூமியின் அந்த வீட்டுக்கு ஒரு வாரிசுதான்.